மாடிஃபை செய்த பழைய தார் ஜீப் வாங்கும் முன் படியுங்கள்: ராமநாதபுரத்தில் எனக்கு நடந்தது

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் பழைய மகிந்திரா தார் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். "லிஃப்ட் கிட் இருக்கு, லாக்கர் இருக்கு, ஸ்நார்க்கல் இருக்கு, எல்லா வேலையும் முடிஞ்ச வண்டி" என்று சொல்லி, சாதாரண வண்டியைவிட எழுபது எண்பதாயிரம் கூட வைத்து விற்கிறார்கள். லிஃப்ட் கிட் வண்டியை உயரமாக்குவது, லாக்கர் மணலில் சிக்காமல் இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து சுற்ற வைப்பது, ஸ்நார்க்கல் தண்ணீருக்கு மேலிருந்து இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாய். அப்படி ஒன்றைத்தான் எனக்கு விற்றார்கள். கூடுதல் காசு வாங்கிய ஒவ்வொரு வேலையும் வண்டியைக் கெடுத்து வைத்த வேலை. இரண்டு வேலைகள் ஆளைக் கொல்லக்கூடியவை.

எங்களுக்குக் கடல்பாசி வியாபாரம். முனைக்காடு, வேதாளை பக்கம் கரையில் காயவைத்த பாசியை மூட்டை கட்டி ஏற்றி வர வேண்டும். ரோட்டிலிருந்து கரைக்குப் போகிற கடைசித் தூரம் முழுக்க மணல். மழைக்காலம் வந்தால் அதே பாதையில் தண்ணீர் நிற்கும். அதனால் ஃபோர் வீல் வண்டி தேவைப்பட்டது. ராமநாதபுரம் டவுனில் பழைய வண்டி விற்கும் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் 2012 மாடல் தார், சிஆர்டிஇ டீசல் இன்ஜின், டிஎன் 65 பதிவு, 4,80,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பேர் சொல்லவில்லை. வழக்கு நடக்கிறது.

"டீசல் மட்டும் ஊத்துங்க சார், வேற ஒண்ணுக்கும் கை வைக்க வேண்டாம்" என்றார் கன்சல்டிங்காரர். முந்தைய உரிமையாளர் ஒன்றரை லட்சத்துக்கு வேலை பார்த்ததாகச் சொன்னார். வண்டி அடியில் புதுக் கறுப்புக் கோட்டிங் பளபளவென்று இருந்தது. "உப்புக்காத்து ஊருன்னு அடிச்சு வச்சிருக்கோம்" என்றார்.

முதலில் தெரிந்தது வயரிங். கல்யாணம் ஒன்றுக்குப் போய்விட்டு இரவில் திரும்பும்போது உச்சிப்புளி தாண்டியதும் டேஷ்போர்டுக்குக் கீழே ரப்பர் கருகும் வாடை வந்தது. மேலே மாட்டியிருந்த நீள எல்இடி லைட்டை அணைத்தும் வாடை நிற்கவில்லை. ஓரங்கட்டிப் பேட்டரி வயரைப் பிடுங்கியபோது கை சுட்டது. பின்னால் எதிரெதிர் சீட்டில் அம்மாவும் தங்கை பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் இறங்குவதற்குப் பின்கதவு ஒன்றுதான் வழி. அந்தக் கதவில் அளவுக்கு மீறிய பெரிய ஸ்டெப்னி டயரைத் தொங்கவிட்டு, கீல் தொய்ந்து, கதவு இறுகிக் கிடந்தது. உள்ளிருந்து தள்ளித் திறக்க முடியவில்லை. நான் வெளியே வந்து, கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் திறந்தேன். தீ பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது.

கன்சல்டிங்காரர் தனக்குத் தெரிந்த பட்டறைக்கு அனுப்பினார். அவர்கள் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு "வயரிங் ஃபுல்லா மாத்தியாச்சு" என்றார்கள். பழைய வயர் மேலேயே புது டேப் சுற்றியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்தப் பட்டறையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் சொந்தக்காரர் ஒருவர் மூலம், பழைய ஜீப்புகளிலேயே வளர்ந்த ஒரு மெக்கானிக் அண்ணன் கிடைத்தார். தனுஷ்கோடிக்குத் தார் ரோடு வருவதற்கு முன்னால், 2017 வரை, அரிச்சல்முனைப் பக்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு மணலிலும் அலை ஓரத்திலும் ஓடிய வண்டிகளைப் பழுதுபார்த்த கை அது. அவர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, மொதல்ல தூக்கி நிறுத்து. மேல இருக்கிறத அப்புறம் பாப்போம்" என்றார்.

வயரிங்கைப் பிரித்ததும் ஒவ்வொன்றாக வந்தது. அந்த லைட் 120 வாட். 12 வோல்ட்டில் அது 10 ஆம்பியர் இழுக்கும். ரிலே கிடையாது, ஃபியூஸ் கிடையாது. பேட்டரியிலிருந்து நேராக, வீட்டு வயரிங்குக்குப் போடுகிற மெல்லிய வயரை இழுத்து, டேஷ்போர்டில் ஒரு சுவிட்சில் முறுக்கி விட்டிருந்தார்கள். சால்டரிங் இல்லை, வெறும் முறுக்குதான். டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்துப் பாதி இழை அற்றுப்போயிருந்தது. மீதி இழைகள் வழியாக அத்தனை கரண்டும் போனால் சூடாகாமல் என்ன செய்யும்? கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் இந்த மாதிரி இணைப்பு சில வருடம் தாங்கலாம். நம் கடற்கரையில் உப்பு டேப்புக்குள் புகுந்துவிடும். வாங்கும்போது பானட்டைத் திறந்து பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாருங்கள். கம்பெனி வயரைத் தவிர அங்கே கூடுதலாகக் கிளம்பும் ஒவ்வொரு வயரிலும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

அடுத்தது அந்த "3 இன்ச் லிஃப்ட் கிட்". கிட் என்று ஒன்றுமே இல்லை. இந்தத் தாரில் முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பி, அதாவது டார்ஷன் பார். அதன் அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டை முறுக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். காசு செலவில்லை, ஸ்பேனர் போதும். அதை முறுக்க முடிந்த மட்டும் முறுக்கி வைத்திருந்தார்கள். அப்படிச் செய்தால் சக்கரம் கீழே இறங்க இடமே இருக்காது. டிரைவ் ஷாஃப்ட் அளவுக்கு மீறிச் சாய்ந்து, அதன் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, மணல் உள்ளே போய்விட்டது. திருப்பும்போது வந்த கடகட சத்தம் அதுதான். பின்பக்கம் பிளேட் ஸ்பிரிங்குக்கு லோக்கலில் வெட்டிய நீள ஷேக்கிளை (ஸ்பிரிங் முனையைச் சேஸியோடு இணைக்கும் துண்டு) போட்டிருந்தார்கள். அதனால் கிரவுனின் (பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரக் கூடு) மூக்குக் கோணம் மாறி, இன்ஜின் பக்கமிருந்து அதற்கு வரும் ஜாயின்ட் ஷாஃப்ட்டின் கிராஸ் தேய்ந்து, அறுபதைத் தாண்டினால் வண்டி முழுக்க அதிர்ந்தது.

அந்த அறுபதும் உண்மையான அறுபது இல்லை. கம்பெனி டயர் 235/70 ஆர்16, குறுக்களவு சுமார் 735 மில்லிமீட்டர். இதில் மாட்டியிருந்தது 33 இன்ச், அதாவது 838 மில்லிமீட்டர். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 68-ல் போகிறது. கிலோமீட்டரும் அதே கணக்கில் குறைவாகவே ஏறியிருக்கும். அவ்வளவு பெரிய டயரை நிறுத்துவதற்கு பிரேக் அதே பழைய பிரேக்.

இனி லாக்கர். இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். வாங்கிய நாளிலேயே வண்டியை ரோட்டில் திருப்பினால் பின் டயர் கீச்சிட்டு, பின்பக்கம் துள்ளியது. "லாக்கர் போட்டா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார் விற்றவர். கம்பெனியே ஈட்டன் லாக்கிங் டிபரன்சியல் கொடுத்தது 2015-ல் வந்த மாடலில்தான். 2012 வண்டியில் அது வர வழியில்லை. அண்ணன் பின் அச்சின் ஹவுசிங்கைத் திறந்தபோது உள்ளே டிபரன்சியலின் சின்னப் பல்சக்கரங்களை வெல்டு வைத்து ஒட்டியிருந்தார்கள். அதைத்தான் லாக்கர் என்று விற்றிருக்கிறார்கள். கியர் ஆயில் மோர் நிறத்தில் இருந்தது. ஹவுசிங்குக்குக் காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்துக்கொண்டு, சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் சீல் வழியாகக் கடல்நீரை உறிஞ்சியிருக்கிறது.

வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பதற்குத்தான் டிபரன்சியல். அதை வெல்டு வைத்துவிட்டால் மணலில் வேண்டுமானால் இழுக்கும். தார் ரோட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேய வேண்டும், இல்லையென்றால் ஆக்சில் முறுக வேண்டும். ஒருநாள் ஆக்சில் உடையும். மழை ஈரத்தில் வளைவில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். இப்படிப்பட்ட வண்டியை "ஃபேமிலிக்கு ஏத்தது" என்று என்னிடம் கொடுத்தார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, டூ வீல் டிரைவில் கியர் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இரண்டும் அசையவே இல்லையென்றால் உள்ளே வெல்டு இருக்கிறது.

ஸ்நார்க்கல் வெறும் அலங்காரம்கூட இல்லை, அதைவிட மோசம். ஃபெண்டரை ஓட்டை போட்டு, குழாயை ஏர் ஃபில்டர் டப்பா பக்கம் கொண்டுபோய் கிளாம்ப் இல்லாமல் சும்மா செருகியிருந்தார்கள். ஃபில்டருக்கு அந்தப்பக்கம், சுத்தமான காற்று போகும் குழாயில் விரல் வைத்துத் தடவினால் நைஸான மணல் ஒட்டியது. டர்போவின் இறக்கை முனை அரித்துப்போயிருந்தது. இதை நம்பித் தேங்கிய தண்ணீரில் இறங்கியிருந்தால் இன்ஜினுக்குள் நீர் புகுந்து, கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். விற்றவர் "பானட் மூழ்குற அளவு தண்ணியில போகலாம்" என்று சொன்னது இந்தக் குழாயை வைத்துத்தான். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் உள்ளே தேய்மானம் இருக்கிறது.

கடைசியாக அந்தப் பளபளப்பான கறுப்புக் கோட்டிங். அண்ணன் ஸ்க்ரூடிரைவரால் சேஸியைத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தருகே பொத்தென்று ஆனது. அங்கே குத்தினார், உள்ளே இறங்கிவிட்டது. துருவில் கரைந்த இடத்தின் மேல் மெல்லிய தகடு ஒன்றை நாலு புள்ளியில் வெல்டு வைத்து, பட்டி தேய்த்து, அதன் மேல் கோட்டிங் அடித்து மூடியிருந்தார்கள். சேஸிப் பெட்டிக்குள் ஈர மணல் இறுகிக் கிடந்தது, அதுவும் நல்ல வெயில் காலத்தில். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும். நம் கரையில் இரவு நேரத்தில் அது சாதாரணம். அதனால் உள்ளே தங்கிய கடல் மணல் காய்வதே இல்லை. அதன் மேல் கோட்டிங் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் நடக்கிறது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் அரிமானத்தால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றில் நாலு புள்ளி வெல்டும் பட்டியும் எத்தனை நாள் நிற்கும்?

அதனால் இந்தக் கரையில் வண்டி பார்க்கப் போகும்போது, அடியில் புதிதாகக் கோட்டிங் அடித்திருந்தால் அதை நல்ல விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அழுக்கும் லேசான துருவும் கண்ணுக்குத் தெரிகிற பழைய சேஸி எவ்வளவோ மேல். சின்னக் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் சரியாக ஒட்டாது.

சரி செய்ய ஏறக்குறைய 1,90,000 ரூபாய் ஆனது. பெரும்பாலும் கழற்றிப் போடும் வேலைதான். டயரும் ஷேக்கிளும் கம்பெனி அளவுக்குத் திரும்பின, டார்ஷன் பார் பழைய உயரத்துக்கு இறங்கியது. டிபரன்சியலை மதுரையில் பழைய ஸ்பேர் கடையில் தேடிப்பிடித்து மாற்றினோம். சேஸிக்குள் பைப் விட்டு நல்ல தண்ணீரில் மணலெல்லாம் வெளியேறும் வரை கழுவி, காயவிட்டு, உளுத்த பாகத்தை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகடு வைத்து முழு நீளத்துக்கும் வெல்டு செய்து, ஜிங்க் பிரைமர் அடித்தார் அண்ணன். அவசரப்படுத்தியபோது "உள்ள ஈரம் இருந்தா நான் மூட மாட்டேன் தம்பி" என்று சொல்லி வேலையை நிறுத்தி வைத்தார். அவருக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

சட்டப் பக்கமும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் மாட்டும் இரும்பு புல்பாருக்கு 2017 டிசம்பரிலிருந்தே தடை. ஆர்சி நம் பேருக்கு மாறியதும் பிடிபடுவது நாம்தான். விபத்தில் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிக்கவும் இடம் உண்டு. 2012 வண்டிக்கு 2027-ல் 15 வருடம் முடிந்து மறுபதிவு ஆய்வு வரும். அந்த நேரம் நெருங்குவதால்தான் இத்தகைய வண்டிகளைத் தள்ளிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

தொழிலாக வண்டி விற்கும் கன்சல்டிங் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீதில் "உள்ளது உள்ளபடி" என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஆனால் லாக்கர், லிஃப்ட் கிட் என்று எழுதி வாட்ஸாப்பில் அனுப்பிய விளம்பரம் என்னிடம் இருக்கிறது, அதையும் கழற்றிய பாகங்களின் படங்களையும் தாக்கல் செய்திருக்கிறேன். நீங்களும் பேச்சை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள், எதையும் அழிக்காதீர்கள்.

அதே வாசலில் இப்போதும் வேறொரு தார், இதேபோல் தூக்கி நிறுத்தி, அடியில் கறுப்புக் கோட்டிங்கோடு நிற்கிறது. ராமநாதபுரம் முதல் ராமேஸ்வரம் வரை யார் பழைய ஃபோர் வீல் வண்டி பார்க்கப் போனாலும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாக்கியும் ஸ்டாண்டும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். காசு ஒன்றும் வேண்டாம்.