வெருலத்தில் ஒரு டீசல் பட்டறை: ஒரு பல் பிசகு தந்த தொல்லை

கரும்பு ஏற்றுவதற்காக என் தந்தையார் வாங்கிய லாரியில் இருப்பது ஏ.டி.இ. 354 எஞ்சின், அதாவது தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்கு வடக்கே அட்லாண்டிசில், அட்லாண்டிஸ் டீசல் எஞ்சின்ஸ் (ஏ.டி.இ.) என்ற நிறுவனம், பிரிட்டனின் பெர்கின்ஸ் நிறுவன உரிமத்தின் பேரில் செய்த, 1980களில் தயாரான ஆறு சிலிண்டர் டீசல். சென்ற ஆண்டு வேறொரு பட்டறையில் அதை முழுவதுமாகப் பிரித்துப் பூட்டக் கொடுத்தேன். அன்று முதல் காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகிவிட்டாலோ வெள்ளைப் புகை. மேட்டில் இழுவையே இல்லை. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கோளாறு என்று அவர்கள் சொன்னதை நம்பி ஆறையும் மாற்றியதுதான் மிச்சம்.

பிறகு நண்பர் ஒருவர் சொல்லி, டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலத்தில் பெயர்ப் பலகைகூட இல்லாத இந்தச் சிறு பட்டறைக்குப் போனேன். மூத்த மெக்கானிக் முதலில் கம்ப்ரஷன் பார்த்தார். ஆறு சிலிண்டரிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்திருந்தது. “ரிங் தேய்ந்தால் ஒன்றிரண்டு குறையும், தம்பி, ஆறும் சொல்லிவைத்தாற்போல் குறையாது. கேம் பல் மாறியிருக்கும்” என்றார். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டின் கியரைப் பல் தவறிக் கோத்திருப்பார்கள் என்பது அதன் பொருள்.

முன்மூடியைக் கழற்றி, கியர்களை மண்ணெண்ணெயில் தேய்த்தபோது உண்மை தெரிந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் கியருக்கும் கேம் கியருக்கும் இடையில் சுழலும் ஐட்லர் கியரில் என்றோ யாரோ உளியால் இட்ட கீறலையே, பல் பொருத்தக் கம்பெனி இட்ட புள்ளி என்று எண்ணிக் கோத்திருக்கிறார்கள். அசல் புள்ளி அடுத்த பல்லில், கரிக்கு அடியில் கிடந்தது. ஒரு பல்தானே என்று தோன்றலாம். கேம் கியரில் 56 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் பிசகுவது, கேம் ஒரு சுற்றுச் சுற்றக் கிராங்க் இரண்டு சுற்றுவதால், கிராங்க் கணக்கில் கிட்டத்தட்ட 13 டிகிரி. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு அவ்வளவு தாமதமாக மூடினால் உள்ளே வந்த காற்றே திரும்பி வெளியேறிவிடும்.

முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அசல் புள்ளிகளுக்கு வெள்ளைப் பெயின்ட் தொட்டுக் கோத்த பின், எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னார். எங்கும் இடிக்கவில்லை; ஆனால் ஐட்லரின் புள்ளி வேறெங்கோ போயிருந்ததைக் கண்டு நான் பதறிவிட்டேன். ஐட்லரின் பல் எண்ணிக்கை கிராங்க் கியருடன் ஒத்துப்போகாததால் அதன் புள்ளிகள் பல சுற்றுகளுக்குப் பிறகே மீண்டும் சேரும் என்று விளக்கிய அவர், முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது ஆறாவதன் இரு வால்வுகளும் ஒன்று மூடி மற்றது திறக்கும் நிலையில் இருப்பதைக் காட்டினார். வாடிக்கையாளரை அருகே நிற்கவைத்து இப்படிக் காட்டும் பட்டறையை நான் இதற்கு முன் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. இரண்டு நாள் வேலைக்கு இரண்டு வாரம் ஆயிற்று, கூலியும் குறைவன்று. முன்மூடியின் ஆயில் சீலை மாற்றாமல் பழையதையே விட்டுவிட்டதால், காலையில் வண்டியின் அடியில் காசளவு எண்ணெய் சொட்டிக் கிடக்கிறது. எஞ்சின் வேலைக்கு மீண்டும் அங்கேதான் போவேன். சீலை மட்டும் நானே வாங்கிக்கொண்டு போவேன்.