மூக்குக் கழுவும் 240 மில்லி பாட்டில்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

பெட்டியைப் பிரித்தால் அமுக்கினால் குழையும் பாட்டில், மூக்கில் பொருந்தும் முனையுள்ள மூடி, பாட்டிலின் அடிவரை இறங்கும் மெல்லிய குழாய், உப்புப் பொட்டலங்கள், அவ்வளவுதான். மேலே 'நுரையீரல் வரை சுத்தம்' என்று அச்சிட்டிருந்தால் அந்த வரியை மறந்துவிடுங்கள். பாட்டிலில் கலந்து மூக்கில் பாய்ச்சும் இந்த உப்புத் தண்ணீர் மூக்கையும் மூக்கின் பின்பகுதியையும் தாண்டிப் போகாது, போகவும் கூடாது.

காற்றை வடிகட்டுவது மூக்குதான், பாட்டில் அதற்கு எடுபிடி. நாளொன்றுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று உள்ளே போய் வருகிறது. வாசலில் உள்ள முடி பெருந்தூசியை மட்டும் நிறுத்தும். அதற்குள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் சுவர்களில் காற்று மோதித் திரும்பும்போது, 10 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிய துகள்களில் பெரும்பாலானவை சளியில் ஒட்டிக்கொள்ளும். நொடிக்குப் பத்து முறைபோல அசையும் நுண்ணிழைகள் அந்தச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். 10 முதல் 20 நிமிடத்துக்குள் பழைய சளி போய்ப் புதுசு வந்துவிடும். 2.5 மைக்ரானுக்குக் குறைந்த புகைத்துகளோ இதில் சிக்காமல் நுரையீரலின் காற்றறை வரை போகக்கூடியது. அங்கே நுண்ணிழை கிடையாது, துகளை விழுங்கி அழிக்கும் செல்கள்தான் காவல். பாட்டிலுக்கு அங்கே வேலையே இல்லை.

ஒவ்வாமையிலும் சைனஸ் தொந்தரவிலும் சளி கெட்டிப்பட்டு நகராமல் நிற்கும்போதுதான் இது கைகொடுக்கும். தூசியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கும் நல்ல பலன் தெரியும். மற்றபடி சும்மா தினமும் நாலு முறை கழுவுவது வீண்வேலை. சளியில் கிருமியை எதிர்க்கும் லைசோசைமும் எதிர்ப்பொருள்களும் இருக்கின்றன. அதையும் சேர்த்துத்தான் கழுவிக் கொட்டுகிறோம்.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைத்து, மூடிவைத்து ஆறவிட வேண்டும்; 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். குடிக்க நல்ல தண்ணீர்தானே என்று கேட்பார்கள். நெக்லேரியா என்ற அமீபா வயிற்றுக்குள் போனால் பாதிப்பில்லை. மூக்கு வழியாகப் போனால் வாசனை நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறும். மிக அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் தப்பாது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் தொட்டியில் தேங்கி வருவதால் கொதிக்கவைத்தே ஆக வேண்டும்.

பொட்டலம் தீர்ந்தால் லிட்டருக்கு 9 கிராம் அயோடின் சேராத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. 240 மில்லிக்கு ஏறக்குறைய 2.2 கிராம் உப்பு வரும். ஸ்பூன் கணக்கில் தவறு வரும், சின்ன எடைக்கருவி நல்லது. உப்பு குறைந்தால் தண்ணீர் செல்களுக்குள் புகுந்து வீங்கவைக்கும். 'சுரீர்' என்று நெற்றிவரை எரிவது அதனால்தான். மிகவும் கூடினால் நுண்ணிழைகளே மந்தமாகும். சூடு உடம்பின் சூட்டை ஒட்டி இருக்கட்டும்.

பேசினுக்கு மேல் குனிந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டே மெதுவாக அமுக்க வேண்டும். ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் மீதி. அமுக்கும்போது விழுங்கினால் காதுக்குள் அடைக்கும். பலர் தவறுவது அடுத்த கட்டத்தில்: முனை மூக்கில் இருக்கும்போதே பிடியைத் தளர்த்தினால், பாட்டில் உப்பிக்கொள்ளும்போது சளியையும் உள்ளே இழுத்துவிடும். முனையை எடுத்துவிட்டுத்தான் கையைத் தளர்த்த வேண்டும். பிறகு இரு துவாரத்தையும் ஒன்றாக அழுத்தாமல் லேசாகச் சீந்தலாம். மூக்கு மருந்து ஸ்பிரே இருந்தால் அது கழுவிய பின்னரே. முன்னால் அடித்தால் மருந்து பேசினுக்குப் போகும். மூக்கு முழுதாக அடைத்திருந்தாலோ காதில் தொற்று இருந்தாலோ வேண்டாம். அறுவை சிகிச்சை ஆனவர்கள் மருத்துவர் சொன்னால் மட்டும்.

மூக்கில் தண்ணீர் ஊற்றும் கெண்டியைவிட இதில் விசை அதிகம், கெட்டிச் சளியை நகர்த்தும். ஆனால் பிழியும் கை முரடாக இருந்தால் கெண்டியே மேல். பாட்டிலின் பலவீனம் அந்தக் குழாய். மூடியிலிருந்து நழுவினால் தண்ணீருக்குப் பதில் காற்றுதான் பீறிடும். அதன் உட்புறம் எளிதில் காயாது, கறுப்புப் பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீரில் குலுக்கி, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, மூன்றையும் கழற்றித் தனித்தனியாகக் காயவையுங்கள். கொதிநீரை நேராக ஊற்றினால் பாட்டில் நெளிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. குழாயில் கறை தெரிந்தால் அன்றே குப்பைக்கு.