கொழிஞ்சாம்பாறை மைக்ரோ டியூஷன்: சேரலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில், பி.ஏ. எகனாமிக்ஸ் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான மைக்ரோ எகனாமிக்ஸ் (நுண்பொருளியல்) வகுப்பு. பாடம் தமிழில், கணக்கு இங்கிலீஷில், நடுவே கொஞ்சம் மலையாளம்.

விலை விளைவை, அதாவது விலை மாறும்போது தேவை மாறுவதை, இரண்டாகப் பிரித்துக் காட்டுவதுதான் இங்கே அசத்தல். பயன்பாட்டுச் சார்பு (நுகர்வோர் பெறும் திருப்தியைக் காட்டும் சூத்திரம்) எக்ஸ் பெருக்கல் ஒய்; எக்ஸ் இளநீர், ஒய் இன்னொரு பொருள், வருமானம் 1,200 ரூபாய். இளநீர் 30 ரூபாயிலிருந்து 20 ஆனால் தேவை 20-லிருந்து 30 ஆகிறது. பழைய கூடையையே, அதாவது முன்பு வாங்கிய அதே அளவுகளை, புது விலையில் வாங்க 1,000 ரூபாய் போதும். அந்த வருமானத்தில் தேவை 25. ஆக பதிலீட்டு விளைவு (இளநீர் மற்றதைவிட மலிவானதால் கூடுவது) 5, வருமான விளைவு (வாங்கும் சக்தி உயர்ந்ததால் கூடுவது) 5. இது ஸ்லட்ஸ்கி முறை. ஹிக்ஸ் முறையில் பழைய பயன்பாட்டையே நிலைநிறுத்துவதால் 25-க்குப் பதில் சுமார் 24.5 வரும். பரீட்சையில் இந்த இரண்டையும் குழப்பித்தான் பலர் மார்க்கை விடுகிறார்கள்.

குறை: எதற்கெடுத்தாலும் லக்ராஞ்சியன் (வரவுக்குள் அதிகபட்சப் பயன்பாட்டைக் காணும் கணித முறை). ஒன்றுக்கு ஒன்று முழு மாற்றாகும் முழுப் பதிலீட்டுப் பண்டங்களுக்கு அது உதவாது. சமநோக்கு வளைகோட்டின் (ஒரே திருப்தி தரும் கூடைகளின் கோடு) சாய்வையும் விலை விகிதத்தையும் ஒப்பிட்டு மூலைத் தீர்வை (ஒரே பண்டத்தை மட்டும் வாங்குவது) பார்க்க வேண்டும். அதை அரை மணியில் ஓட்டிவிடுகிறார்கள். கேம் தியரி பேருக்குத்தான். வகையிடல் (டிஃபரன்ஷியேஷன்) மறந்தவர்கள் முதலில் அதைத் தூசு தட்டிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் வகுப்பிலேயே திணறும்.

நோட்ஸ் ஜெராக்ஸில் வளைகோடுகள் மங்கல். கிராஃப் தாளில் நீங்களே வரைவது உத்தமம்.