மெகா டிரைவை ஆர்கேட் பெட்டியாக்கணுமா? முதலில் திரையைப் பாருங்கள்

சேகாவின் பழைய வீட்டு வீடியோ கேம் மெஷினான மெகா டிரைவ் ஒன்று கிடைத்திருக்கிறது, பழுது பார்த்து ஆர்கேட் பெட்டிக்குள் (கேம் கடைகளில் நிற்குமே, அந்த மாதிரிப் பெட்டி) போடலாமா என்று யாராவது கேட்டால் போதும், அசல் போர்டா, அதைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரா என்று உடனே ஒரு சண்டை கிளம்பிவிடும். என்னைக் கேட்டால் அந்தச் சண்டை இரண்டாம் பட்சம். முதலில் குழாய் டிவியா எல்சிடியா என்று முடிவு பண்ணுங்கள். அது முடிவானால் உள்ளே என்ன போகும் என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்காரருக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அறை அளவும் மின்தூக்கிக் கதவும்கூட இங்கே கணக்கில் வந்துவிடும்.

குழாய் டிவி, அதாவது சிஆர்டி, போடுவதாக இருந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை: அசல் மெஷின்தான். 1988-ல் ஜப்பானில் வந்த மெகா டிரைவ் பெரும்பாலான ஆட்டங்களில் 320க்கு 224 புள்ளிகளில் படம் வரைகிறது, அது குழாய்த் திரைக்கென்றே செய்த படம். முதல் மாடலின் பின்பக்கம் இருக்கும் வட்டமான ஏவி சாக்கெட்டில் ஆர்ஜிபி சிக்னல் (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக) தயாராக வந்துகொண்டிருக்கிறது. ஆர்கேட் மானிட்டர் எதிர்பார்ப்பதும் அதே 15 கிலோஹெர்ட்ஸ் ஆர்ஜிபிதான், வோல்டேஜ் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அதற்கு நடுவில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு போட்டால் வேலை முடிந்தது. வீட்டு மெஷினைப் பெட்டிக்குள் வைப்பது நாம் கண்டுபிடித்த குறுக்குவழியும் இல்லை. நின்டெண்டோ 1986-ல் பிளேசாய்ஸ்-10 என்று அதைத்தான் செய்தது, சேகாவின் மெகா-டெக் பெட்டிக்குள் இருந்தது மெகா டிரைவ் வன்பொருள்தான், 1994-ல் டெக்கன் ஓடிய நாம்கோ சிஸ்டம் 11 பிளேஸ்டேஷனை அடிப்படையாகக் கொண்டது. நியோ ஜியோவில் வீட்டு மெஷினும் கடைப் பெட்டியும் ஏறக்குறைய ஒரே சர்க்யூட்.

ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும். சிங்கப்பூர் பால் முறை டிவி பார்த்த ஊர், அதனால் கையில் கிடைப்பது 50 ஹெர்ட்ஸ் மெஷினாக இருக்கலாம். அதில் பல ஆட்டங்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், இசையும் சேர்ந்து இழுக்கும். போர்டில் ஒரு ஜம்பரை வெட்டி ஸ்விட்ச் வைத்தால் 60-க்கு மாற்றிவிடலாம், தெரிந்த வேலைதான்.

சிஆர்டியின் சிக்கல் படத்தில் இல்லை, மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. கனம். சூடு. உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும், அணைத்த பிறகும் குழாயில் மின்சாரம் தங்கியிருக்கும், பழக்கம் இல்லாதவர் கை வைக்கவே கூடாத இடம். ஜப்பானிலிருந்து வரும் ஆஸ்ட்ரோ சிட்டி மாதிரியான பெட்டிகள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை, நம் 230-ஐ 100-ஆக இறக்கிக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டும். அப்புறம் டிவி எங்கே கிடைக்கும்? பழைய சாமான் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடியாகிவிட்டது, அனலாக் ஒளிபரப்பு 2019 தொடக்கத்தில் நின்றது, குழாய் டிவிகள் அதற்கும் முன்பே பலர் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டன. பழைய சாமான் விற்கும் கரோசல் செயலியில் அவ்வப்போது ஒன்று வரும், "செல்ஃப் கலெக்ட், லிஃப்ட் லேண்டிங் இல்லை" என்று கீழே எழுதியிருக்கும். அந்த வரியைப் படித்ததும் எனக்கு முதுகு வலி வந்துவிடுகிறது.

சரி, எல்சிடி. இங்கே கதை தலைகீழ். மெகா டிரைவின் மஞ்சள் கம்பி சிக்னலைப் புது டிவியில் செருகினால், பல டிவிகள் அதை இன்டர்லேஸ் படம் (ஒன்றுவிட்டு ஒன்று வரிகளாக வரும் படம்) என்று தப்பாக எடுத்துக்கொண்டு, கலக்கி, தாமதமாகக் காட்டும். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அதில் மூன்று நான்கு படம் பின்தங்கினாலே குதிக்க வேண்டிய இடத்தில் குழிக்குள் விழுவீர்கள். இதைச் சரிசெய்ய ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் மாதிரி அப்ஸ்கேலர் (பழைய படத்தைப் புதுத் திரைக்கு ஏற்றபடி பெரிதாக்கும் பெட்டி) வாங்க வேண்டும், நல்லதாக வாங்கினால் மெஷினை விட அதற்குத்தான் காசு அதிகம். ஆக, எல்சிடி என்று முடிவு செய்துவிட்டு அசல் போர்டைப் பிடித்துத் தொங்குவது, கார்ட்ரிட்ஜ் நிறைய வைத்திருப்பவருக்குத் தவிர மற்றவருக்கு வீண் செலவு என்பது என் கட்சி.

அப்படியென்றால் எமுலேட்டர் ஓட்டும் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரா, உள் சர்க்யூட்டை மாற்றி அமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப்பா? பை மலிவு, மெகா டிரைவ் காலத்து ஆட்டங்களுக்கு பை 4 தாராளம், எச்டிஎம்ஐ நேராகப் போகும், பட்டன்களை யுஎஸ்பி என்கோடர் போர்டில் செருகினால் சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டாம். ரெட்ரோபை என்ற எமுலேட்டர் தொகுப்பை ஏற்றி உட்கார்ந்தால் ஒரு சாயங்காலத்தில் ஆடத் தொடங்கலாம். ஆனால் அது ஒரு கம்ப்யூட்டர். நம் ஊர் சுவர் பிளக்குகளில் எல்லாம் ஸ்விட்ச் இருக்கிறதா, ஆடி முடித்த பிள்ளைகள் பட்டென்று அதைத் தட்டிவிட்டுப் போவார்கள், எஸ்டி கார்டு என்றைக்காவது ஒருநாள் கெட்டுப்போகும். கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைத்துவிட்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் போய்விடும், ஆனால் அதைச் செய்பவர்கள் குறைவு.

எஃப்பிஜிஏ என்றால் மிஸ்டர் திட்டம். டிஇ10-நானோ போர்டில் இருக்கும் சைக்ளோன் 5 சிப்புக்குள் பழைய மெஷினின் சர்க்யூட்டையே மறுபடி கட்டுகிறார்கள். தாமதம் மிகக் குறைவு, ஆன் பண்ணினால் சட்டென்று வரும். அனலாக் போர்டு சேர்த்தால் அதே பெட்டி சிஆர்டிக்கும் படம் கொடுக்கும், அதனால் பின்னால் ஒரு நல்ல குழாய் கிடைத்தாலும் மாற்றிக்கொள்ளலாம். விலைதான் பையைவிட அதிகம், கூடவே எஸ்டிரேம் என்ற நினைவகத் துண்டு ஒன்றும் வேண்டும்.

இதற்குத் திரையாக நான் சொல்வது ஆபீஸ்களில் கழித்துவிடும் 19 அங்குல சதுர மானிட்டர். 1280க்கு 1024. மெகா டிரைவ் படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினால் 1280க்கு 896, மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு விட்டு அப்படியே உட்காரும், ஒரு புள்ளிகூட மங்காது. படம் துளி அகலமாகத் தெரியும், ஆட ஆரம்பித்தால் யாரும் கவனிப்பதில்லை.

பழுது வேலையைப் பற்றிப் பயப்படுபவர்களுக்கு: முதல் மாடல் மெகா டிரைவ் ரொம்ப நல்ல பிள்ளை. பவர் விளக்கு சிவப்பாக எரிந்து திரை கறுப்பாக இருந்தால் முதலில் கார்ட்ரிட்ஜ் பற்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள், கறுப்பு மை மாதிரி வரும். அதிலும் சரியாகவில்லை என்றால் மூடியைத் திறந்து ஹீட் சிங்க்கில் திருகியிருக்கும் இரண்டு 7805 ரெகுலேட்டர்களின் (வோல்டேஜைச் சீராக்கும் மூன்று கால் சிப்) கடைசிக் காலில் மல்டிமீட்டர் வையுங்கள். 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் பவர் சாக்கெட் கால்களைப் பாருங்கள், பிளக்கை ஆட்டி ஆட்டி அங்கே ஈயம் வளையமாக விண்டிருக்கும், புது ஈயம் வைத்தால் பாதி மெஷின்கள் எழுந்துவிடும். ஒழுகிய கப்பாசிட்டர்களை மாற்ற சிம் லிம் டவரில் சில வெள்ளிக்குச் சாமான் கிடைக்கும், அங்கே மாடல் பேரைச் சொல்லாமல் மைக்ரோஃபாரட்டும் வோல்ட்டும் எழுதிய துண்டுச் சீட்டைக் காட்டினால் அங்கிள் தேடி எடுத்துக் கொடுத்துவிடுவார். அடாப்டரில் மட்டும் அவசரப்படாதீர்கள்: முதல் மாடலுக்கு 9 வோல்ட், நடுமுனை மைனஸ். இரண்டாம் மாடலுக்கு நடுமுனை பிளஸ். ஜப்பான் அடாப்டரை 230-ல் நேராகச் செருகினால் அதோடு சரி.

அசல் மெஷினைப் பெட்டிக்குள் வைப்பதானாலும் அதன் கன்ட்ரோலரை வெட்டாதீர்கள். மலிவான நகல் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி அதன் போர்டில் கம்பி வையுங்கள். கறுப்புக் கார்பன் திட்டில் ஈயம் ஒட்டாது, அதற்குப் பக்கத்தில் ஓடும் தடத்தைப் பச்சைப் பூச்சு போகும்வரை பிளேடால் மெல்லச் சுரண்டி, செம்பு மின்னும் இடத்தில் வைக்க வேண்டும்.

பெட்டிக்கு எம்டிஎஃப் (அழுத்திய மரத்தூள் பலகை) வேண்டாம், இந்த ஊர் ஈரத்தில் ஓரம் ஊதிவிடும், பிளைவுட் எடுங்கள். 18 மில்லிமீட்டர் பலகையில் சான்வாவின் அழுத்திப் பொருத்தும் 30 மில்லிமீட்டர் பட்டன் பிடிக்காது, தடித்த பலகைக்கென்று நீளத் திருகோடு வரும் வகை வேண்டும், இல்லாவிட்டால் கன்ட்ரோல் பகுதிக்கு மட்டும் மெல்லிய உலோகத் தகடு. ஆளுயரப் பெட்டியா மேசைமேல் வைக்கும் சின்னதா என்ற கேள்விக்கு, நாலறை வீட்டில் மேசைமேல்தான். ஆளுயரமாகச் செய்தே தீருவேன் என்றால் இடுப்பில் இரண்டாகக் கழற்றும்படி செய்யுங்கள். அதன் தட்டையான உச்சியில் அம்மா பூந்தொட்டி வைப்பார், அதற்கும் தயாராக இருங்கள், தண்ணீர் நேராக பவர் சப்ளைமேல் சொட்டும்.

என் வரிசை இது: நல்ல சிஆர்டியும் தூக்க ஆளும் இருந்தால் அசல் மெகா டிரைவ். எல்சிடி, கையில் காசு இருக்கிறது என்றால் மிஸ்டர். பிள்ளைகளுக்காக, அடுத்த மாதம் சலித்துப் போனாலும் பரவாயில்லை என்றால் பை. பழுது பார்த்த மெஷினை அப்போதும் விற்காதீர்கள், கார்ட்ரிட்ஜோடு அலமாரியில் இருக்கட்டும்.