டபிள்யூ-2 தப்பாக வந்திருக்கிறதா? காத்திருப்பது, 4852, 1040-எக்ஸ்: எது எப்போது

அமெரிக்காவில் சம்பளம் வாங்குகிறவர்கள், வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி கம்பெனி தரும் படிவமான டபிள்யூ-2-இல் தப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலும் "1040-எக்ஸ் எப்படிப் போடுவது?" என்றுதான் கேட்கிறார்கள். அது ஏற்கெனவே அனுப்பிய வருமான வரி ரிட்டர்னைத் திருத்தும் படிவம். ரிட்டர்னை இன்னும் அனுப்பவே இல்லையென்றால் அந்தப் படிவம் உங்களுக்குத் தேவையே இல்லை. அனுப்புவதற்கு முன் தெரிந்தால் ஒரு வழி, அனுப்பிய பின் தெரிந்தால் இன்னொரு வழி.

அதற்கும் முன்னால், தப்பு உண்மையிலேயே தப்புதானா என்று பாருங்கள். பாக்ஸ் 1-இல் (வருமான வரிக்குரிய சம்பளம்) உள்ள தொகை பாக்ஸ் 3, 5-இல் (சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிக்குரிய சம்பளம்) உள்ளதைவிடக் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. 401கே என்ற ஓய்வுகாலச் சேமிப்பில் வழக்கமான முறையில் பணம் போட்டிருந்தால் அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பணத்துக்கு இப்போது வருமான வரி கிடையாது, ஆனால் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரி உண்டு. வேறு பிடித்தம் எதுவும் இல்லை, வருடச் சம்பளம் 90,000 டாலர், 401கே-யில் 6,000 என்று வைத்துக்கொள்வோம். பாக்ஸ் 1-இல் 84,000, பாக்ஸ் 3, 5 இரண்டிலும் 90,000, பாக்ஸ் 12-இல் டி என்ற குறியோடு 6,000. பாக்ஸ் 1-லும் 90,000 என்றே அச்சாகியிருந்தால் அதுதான் தப்பு. 22 சதவீத வரம்பில் இருப்பவருக்கு இந்த ஒரு பாக்ஸ் 1,320 டாலர் கூடுதல் வரி, மாநில வரி தனி. டிசம்பர் கடைசி பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

ரிட்டர்ன் இன்னும் போகவில்லை என்றால், என் கணக்கில் கம்பெனி தரும் திருத்திய படிவமான டபிள்யூ-2சி-க்குக் காத்திருப்பதுதான் முதல் தேர்வு. டபிள்யூ-2 கொடுக்க கம்பெனிக்குக் கடைசி நாள் ஜனவரி 31. தப்பைப் பார்த்த அன்றே பேரோல் ஆட்களுக்கு மெயில் போடுங்கள், எந்த பாக்ஸ், என்ன தொகை, பே ஸ்டப்பில் என்ன இருக்கிறது என்று தெளிவாக. போனில் மட்டும் சொன்னால் பின்னால் காட்ட ஒன்றும் இருக்காது. பிப்ரவரி முடிந்தும் அசையவில்லை என்றால் மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்-ஐ 800-829-1040 எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம், அவர்கள் கம்பெனியைத் தொடர்புகொண்டு கேட்பார்கள். ஏப்ரல் 15 நெருங்கிவிட்டதா? 4868 என்ற நீட்டிப்புப் படிவம் போட்டால் அக்டோபர் 15 வரை நேரம் கிடைக்கும். ஆனால் அந்த நீட்டிப்பு படிவம் அனுப்புவதற்குத்தான், பணம் கட்டுவதற்கு இல்லை. வரி பாக்கி வரும் என்று தோன்றினால் உத்தேசமாகக் கணக்குப் போட்டு ஏப்ரல் 15-க்குள் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் மாதம் 0.5 சதவீத அபராதமும் வட்டியும் வரும். நீட்டிப்பும் வாங்காமல் ரிட்டர்னும் அனுப்பாமல் இருந்தால் மாதம் 5 சதவீதம்.

4852 என்பது டபிள்யூ-2-க்குப் பதிலாக நீங்களே தொகைகளை எழுதித் தரும் படிவம். அந்தத் தொகைகள் எங்கிருந்து வந்தன, கம்பெனியிடம் சரியான டபிள்யூ-2 வாங்க என்ன முயற்சி செய்தீர்கள் என்று இரண்டையும் அதில் சொல்ல வேண்டும். மேலே சொன்ன மெயில் இங்கேதான் உதவும். கம்பெனி மூடிவிட்டது, அல்லது யாரும் பதிலே சொல்வதில்லை என்ற நிலையில் இது நல்ல வழி. அதற்கு அவசியம் இல்லாதபோது ரீஃபண்ட் சீக்கிரம் வேண்டும் என்பதற்காக இதை எடுக்க வேண்டாம். ஐஆர்எஸ் சரிபார்க்க நேரம் எடுத்துக்கொள்வதால் ரீஃபண்ட் தாமதமாகலாம், அப்புறம் வரும் டபிள்யூ-2சி-யில் வேறு தொகை இருந்தால் 1040-எக்ஸ்-ஸும் போட வேண்டிவரும்.

சரி, ஏற்கெனவே ஃபைல் செய்துவிட்டீர்கள், மே மாதம் டபிள்யூ-2சி வந்து நிற்கிறது. இப்போதுதான் 1040-எக்ஸ். பழைய ரிட்டர்னின் ரீஃபண்ட் இன்னும் வரவில்லை என்றால் அது வரும்வரை பொறுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் அவிழ்ப்பது பெரும்பாடு. படிவத்தில் மூன்று பத்திகள்: முதலில் போட்ட தொகை, வித்தியாசம், சரியான தொகை. கீழே காரணம் எழுதும் இடத்தில் கதை வேண்டாம், "டபிள்யூ-2சி-யின்படி பாக்ஸ் 1 தொகை 90,000-இலிருந்து 84,000 ஆகக் குறைந்தது" என்ற அளவில் போதும். ஆன்லைனிலேயே அனுப்பலாம். வழக்கமாக 8 முதல் 12 வாரம், சில சமயம் 16 வாரம்கூட ஆகும். ரீஃபண்ட் கேட்பதற்கான கெடு பொதுவாக ஃபைல் செய்த நாளிலிருந்து 3 வருடம் அல்லது வரி கட்டிய நாளிலிருந்து 2 வருடம், எது பிந்தியதோ அது. கூடுதல் வரி கட்ட வேண்டியிருந்தால் இந்த 3 வருடத்தை நம்பி உட்காராதீர்கள், வட்டி ஏப்ரல் 15-இலிருந்தே ஓடுகிறது.

ஐஆர்எஸ் கண்டுபிடித்துக் கடிதம் போடட்டும் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வருமானம் குறைவாகக் காட்டியிருந்தால் வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டும் சிபி2000 கடிதம் வரும், பொதுவாக 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், வித்தியாசம் பெரிதாக இருந்தால் 20 சதவீத அபராதமும் சேரலாம். அவர்கள் தொடர்புகொள்ளும் முன்னால் நீங்களே திருத்தினால் அந்த 20 சதவீதத்திலிருந்து தப்ப வாய்ப்பு அதிகம். அதிகமாகக் கட்டியிருந்தாலோ, பெரும்பாலும் யாரும் கூப்பிட்டுச் சொல்லப்போவதில்லை, கெடு முடிந்தால் பணம் போனதுதான்.

மத்திய ரிட்டர்னைத் திருத்தினால் மாநில ரிட்டர்னையும் பாருங்கள். டெக்சாஸ், ஃபுளோரிடாவில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை, கவலை இல்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி என்றால் தனித்தனி திருத்தப் படிவம். பாக்ஸ் 15-இல் மாநிலத்தையே மாற்றிப் போட்டிருந்தால் மாநிலத் திருத்தம்தான் முக்கிய வேலை.

பாக்ஸ் 3, 5-இல் தப்பு என்றால் விஷயம் வேறு. உங்கள் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியக் கணக்கு பாக்ஸ் 3 தொகையை வைத்துத்தான் போடப்படுகிறது, 1040-எக்ஸ் அதைச் சரிசெய்யாது. கம்பெனி டபிள்யூ-2சி-யை சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்க வேண்டும், அவர்களுடைய இணையதளத்தில் உங்கள் கணக்கில் அந்த வருடத் தொகை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே திருத்த பொதுவாக 3 வருடம் 3 மாதம் 15 நாள் கெடு.

எஃப்-1 மாணவர் விசாவில் ஓபிடி-யில் (படிப்போடு தொடர்புடைய தற்காலிக வேலை அனுமதி) வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கா வந்து முதல் 5 காலண்டர் வருடங்கள்வரை பொதுவாக சோஷியல் செக்யூரிட்டி 6.2, மெடிகேர் 1.45 சதவீதம் பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் 1040-எக்ஸ் போட்டுப் பயனில்லை. முதலில் கம்பெனியிடம் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் அரசிடம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் 843 படிவம், கூடவே 8316 படிவம், கம்பெனி மறுத்ததற்கான கடிதம் கிடைத்தால் அதையும் இணைத்து அனுப்புங்கள்.