கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போகும் குழந்தைக்குச் சொட்டு மருந்தா, சிறப்புக் கண்ணாடியா, இரவு லென்ஸா?

எட்டு ஒன்பது வயதில் மைனஸ் ஒன்றரை பவரில் கண்ணாடி போட்ட பிள்ளைக்கு அடுத்த ஆண்டுப் பரிசோதனையில் அது இரண்டேகாலாக ஏறியிருந்தால், வேலூரிலோ காட்பாடியிலோ குடியாத்தத்திலோ எந்தப் பெற்றோரும் முதலில் கேட்பது இதை நிறுத்த முடியுமா என்பதைத்தான். முழுதாக நிறுத்த வழியில்லை. ஆனால் ஏறும் வேகத்தைக் குறைக்க வழிகள் உண்டு. எந்த வழியை எந்தக் குழந்தைக்கு எடுப்பது என்பதில்தான் குழப்பம். கண்ணாடிக் கடையில் ஒன்று சொல்கிறார்கள், மருத்துவர் வேறொன்று எழுதுகிறார், உறவினர் மூன்றாவதாக ஒன்றைப் பரிந்துரைக்கிறார். ஆகவே இவற்றை ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்திப் பார்ப்பது பயன்படும்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பவர் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் கண் பின்னோக்கி நீள்கிறது என்று பொருள். ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (கண்ணாடிப் பவரை அளக்கும் அலகு) வரை மைனஸ் கூடும். கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகிவிடும், ஆனால் நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்தே இருக்கும். பின்னாளில் விழித்திரை விலகல், கண் அழுத்த நோய், மையப் பார்வைச் சிதைவு ஆகியவற்றுக்கான வாய்ப்பு அதனால்தான் கூடுகிறது. எனவே விளம்பரத்தில் வரும் சதவீதத்தைக் காட்டிலும் எத்தனை மில்லிமீட்டர் நீட்சி தடுக்கப்பட்டது என்ற கணக்கே நம்பத்தக்கது. ஒரே சிகிச்சைக்கு முதல் ஆண்டில் ஒரு சதவீதமும் மூன்றாம் ஆண்டில் வேறொரு சதவீதமும் வரும். சதவீதத்தை மட்டும் கேட்டு வாங்குபவர் ஏமாறுவது எளிது.

நம் பக்கத்தில் இன்னும் மறையாத பழக்கம் ஒன்றை இங்கேயே ஒதுக்கிவிடலாம். ‘முழு பவர் போட்டால் கண் சோம்பேறியாகிவிடும், கொஞ்சம் குறைத்தே எழுதுங்கள்’ என்று கேட்கும் பெற்றோர் ஏராளம். மலேசியாவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டில் சராசரியாக 1.00 டயாப்டர் ஏறியது. முழு பவர் போட்டவர்களுக்கு 0.77 மட்டுமே ஏறியது. குறைத்துப் போட்ட பிள்ளைக்குக் கரும்பலகையும் மங்கல், பவரும் கூடுதல். இதை ஒரு வழியாகவே கருதக்கூடாது.

வெளியில் விளையாடுவதைச் செலவில்லாத முதல் வழி எனலாம். சூரிய வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் சுரப்பைக் கூட்டுவதும், அது கண் நீள்வதைக் கட்டுப்படுத்துவதும் காரணமாகக் கருதப்படுகின்றன. சீனத்தின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினம் 40 நிமிடம் வெளிவகுப்பு கூடுதலாகச் சேர்த்தபோது, மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதத்திலிருந்து 30.4 சதவீதமாகக் குறைந்தார்கள் என்று 2015-இல் வெளியான முடிவு சொல்கிறது. ஆனால் இது வராமல் தடுப்பதற்கான சான்று. கண்ணாடி ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு விளையாட்டு மட்டும் போதும் என்று சொல்ல அவ்வளவு வலுவான சான்று இல்லை. ஆகவே அண்ணனுக்கோ அக்காவுக்கோ மைனஸ் இருந்து, தனக்கு இன்னும் வராத ஐந்து ஆறு வயதுத் தம்பி தங்கைகளுக்கே இது முதல் மருந்து.

சித்திரை வைகாசி வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் பிள்ளையை எப்படி வெளியே விடுவது என்ற கேள்வி நியாயமானது. உச்சிவெயிலில் நிற்க வேண்டிய தேவையே இல்லை. வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அடங்கிவிடும், வேப்பமர நிழலிலோ பல்லாயிரம் லக்ஸ் வரை கிடைக்கும். தைவானில் 2018-இல் வெளியான பள்ளி ஆய்வு, மரநிழலில் கிடைக்கக்கூடிய 1,000 லக்ஸுக்கு மேற்பட்ட வெளிச்சமே பயன் தருவதைக் காட்டியது. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் கோட்டைப் பூங்காவிலோ தெருவிலோ கிடைக்கும் வெளிச்சம் தாராளமாகப் போதும். உண்மையான போட்டி வெயிலோடு அல்ல, டியூஷனோடு. பள்ளி விட்டு வந்து ஐந்து மணிக்கு டியூஷனில் உட்காரும் பிள்ளை வெளியே வரும்போது இருட்டிவிடுகிறது. அந்த டியூஷனை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதை நான் சிகிச்சையாகவே எண்ணுகிறேன்.

பவர் ஏறத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு உண்மையான தேர்வு இரண்டுக்கு இடையில்தான்: இரவில் விடும் அட்ரோபின் சொட்டு மருந்து, பகல் முழுதும் போடும் சிறப்புக் கண்ணாடி.

அட்ரோபினில் செறிவுதான் எல்லாமே. ஹாங்காங்கில் 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் கண் நீண்ட அளவு மருந்தில்லாத வெற்றுச் சொட்டை ஒப்பீட்டுக்காக விட்ட குழுவில் 0.41 மி.மீ.; 0.01 சதவீத மருந்தில் 0.36, 0.025 சதவீதத்தில் 0.29, 0.05 சதவீதத்தில் 0.20. நம் மருந்துக் கடைகளில் அதிகம் புழங்கும் 0.01 சதவீதம் நீட்சியைப் பெரிதாகத் தடுக்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. அமெரிக்காவில் 2023-இல் வெளியான ஆய்வில் அது வெற்றுச் சொட்டைவிட மேலானதாக இல்லை. இந்தியப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் பவர் ஏறுவது குறைந்தது, ஆனால் கண் நீளத்தில் தெளிவான வேறுபாடு காணவில்லை. எனவே மருத்துவர் 0.01 எழுதினால், ஆறு மாதம் கழித்து அளந்து பார்த்துச் செறிவைக் கூட்டுவீர்களா என்று மரியாதையோடு கேட்பது தவறாகாது. 0.05 சதவீதத்தில் கண்பாவை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விரிவதால் சில பிள்ளைகளுக்கு வெயிலில் கூச்சம் இருக்கும். தொப்பியோ வெளியே கறுக்கும் கண்ணாடியோ உதவும். திடீரென நிறுத்தினால் பவர் மீண்டும் வேகமாக ஏறலாம், செறிவு கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். ஆகவே படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

சொட்டு விடும் முறையிலும் பாதி பலன் இருக்கிறது. தூங்கப்போகும் முன் பிள்ளையைப் படுக்கவைத்து, கீழிமையை மெல்ல இழுத்து, அந்தக் குழிவில் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரத்து மூலையை விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் மருந்து மூக்கு வழியாக உடம்பில் இறங்காமல் கண்ணிலேயே நிற்கும்.

சிறப்புக் கண்ணாடியின் அமைப்பு வேறு. வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் நடுவில் தெளிவான வட்டமும், அதைச் சுற்றி நுண்ணிய புள்ளிகளின் வளையமும் தெரியும். நடுப்பகுதி எழுத்தைத் தெளிவாகக் காட்டுகிறது, புள்ளிகள் வெளிச்சத்தின் ஒரு பகுதியை விழித்திரைக்கு முன்னால் குவித்து நீட்சிக்கான தூண்டலைக் குறைக்கின்றன. ஹோயாவின் மியோஸ்மார்ட் கண்ணாடியை ஹாங்காங்கில் இரண்டு ஆண்டு போட்ட பிள்ளைகளின் கண் 0.21 மி.மீ. நீண்டது, சாதாரணக் கண்ணாடிக் குழுவில் 0.55. எசிலாரின் ஸ்டெலஸ்ட் கண்ணாடியில் சீனப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டில் 0.34, சாதாரணக் கண்ணாடியில் 0.69. இரண்டுமே தடுத்த அளவு ஏறத்தாழ 0.35 மி.மீ. என்பதால், எது சிறந்தது என்று கடைக்காரரோடு வாதிடுவதில் பொருளில்லை. தினம் 12 மணி நேரமாவது போட்ட பிள்ளைகளுக்கே ஸ்டெலஸ்ட்டின் முழுப் பலன் கிடைத்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பள்ளியில் போட்டு, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவைக்கும் பிள்ளைக்கு இந்தக் கண்ணாடி வீண் செலவு. சாதாரணக் கண்ணாடியைப் போலப் பல மடங்கு விலை. பவர் மாறினாலும் கீழே விழுந்து உடைந்தாலும் அதே செலவு திரும்ப வரும்.

இரவில் போட்டுத் தூங்கி காலையில் கழற்றும் ஆர்த்தோ-கே லென்ஸ் கருவிழியைத் தற்காலிகமாகத் தட்டையாக்கி, பகலில் கண்ணாடியே இல்லாமல் பார்க்க உதவுகிறது. ஹாங்காங்கில் 2012-இல் வெளியான ஆய்வில் இரண்டாண்டு நீட்சி 0.36 மி.மீ., கண்ணாடிக் குழுவில் 0.63. பலன் மெய்தான். ஆனால் கருவிழித் தொற்று என்ற ஆபத்து உண்டு. அது அரிது, வந்தால் பார்வையையே பறிக்கும். குடத்துத் தண்ணீரிலோ போர் தண்ணீரிலோ லென்ஸை ஒருமுறை அலசினாலே அந்த ஆபத்து பன்மடங்காகும். குழாயில் என்று தண்ணீர் வரும் என்று பார்த்து டிரம்மில் பிடித்துவைக்கும் வீடுகள் நிறைந்த நம் பகுதியில், தினமும் தாயோ தந்தையோ கை கழுவித் துடைத்து, லென்ஸ் கரைசலில் மட்டுமே கழுவி மாட்டிவிட உறுதியிருந்தாலன்றி இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பகலில் போட்டு அன்றன்றே எறியும் மைசைட் லென்ஸ் அதைவிடப் பாதுகாப்பானது; மூன்று ஆண்டில் 0.62 மி.மீ. நீட்சியை 0.30 ஆகக் குறைத்தது. தினம் ஒரு புது ஜோடி என்பதால் செலவு மிகக் கூடுதல்.

சிவப்பு ஒளிக் கருவியை வீட்டுக்கு வாங்கி வைப்பது இப்போதைக்கு வேண்டாம். வேகத்தைக் குறைப்பதாகச் சீன ஆய்வுகள் சொன்னாலும், 2023-இல் ஒரு சிறுமியின் விழித்திரை அதனால் சேதமடைந்த செய்தி மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது.

கண்ணாடியை எழுந்தது முதல் படுக்கும் வரை கழற்றாத பிள்ளைக்கும், செலவு தாங்கும் வீட்டுக்கும் சிறப்புக் கண்ணாடி பொருந்தும். ஓடியாடிக் கண்ணாடியை மாதம் ஒருமுறை உடைக்கும் பிள்ளைக்கும், பள்ளியில் கிடைக்கும் இலவசக் கண்ணாடியையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் 0.025 அல்லது 0.05 சதவீதச் சொட்டு மருந்தே என் தேர்வு. எதைத் தொடங்கினாலும் அதற்கு முன் கண்பாவையை விரிக்கும் பரிசோதனை மருந்து விட்டுப் பவர் பார்த்து, கண் நீளத்தையும் அளந்து, அந்தத் தாளை வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். ஆரணி சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனைக்கோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வேறு கண் மருத்துவரிடமோ போகும்போது நீளத்தை அளக்கும் வசதி அங்கே உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. கிட்டப்பார்வை இல்லாத பத்து வயதுப் பிள்ளையின் கண்ணும் ஆண்டுக்குச் சுமார் 0.1 மி.மீ. வளரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்கும்போது நம் பிள்ளையின் கணக்கு அதற்கு அருகில் வந்திருந்தால் அதே வழியில் தொடரலாம். வரவில்லையென்றால் மருத்துவரிடம் செறிவைக் கூட்டுவது பற்றியோ, கண்ணாடியையும் சொட்டையும் சேர்த்துக் கொடுப்பது பற்றியோ பேச வேண்டும்.