சுப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு ஊசி மீற்றரா, டிஜிற்றல் திரையா?

2004இல் மேர்க்குரி கொண்டுவந்த ஆறு சிலிண்டர் வெராடோ, படகின் பின்னால் பூட்டும் எஞ்சின், 2.6 லீற்றர், காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சுப்பர்சார்ஜரோடு வருவது. அதில் ஒன்று பழையதாகக் கிடைத்தது. திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் எங்கள் படகில் பூட்டி இரண்டு சீசன் ஓட்டியாயிற்று. முதல் சீசன் முழுக்க டிஜிற்றல் திரை மட்டும்தான். இரண்டாவது சீசனில் எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீரின் அமுக்கத்துக்கும் பூஸ்டுக்கும், அதாவது சுப்பர்சார்ஜர் தள்ளும் காற்றின் அமுக்கத்துக்கும், இரண்டு ஊசி மீற்றர் வைத்தேன். இனி ஊசி இல்லாமல் அந்த எஞ்சினை ஓட்ட மாட்டேன்.

திரையின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே வயரில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), ஒயில் அமுக்கம், பற்றரி, மணிக்கு எத்தனை லீற்றர் பெற்றோல் எல்லாம் வரும். பிழை வந்தால் என்னவென்று எழுத்திலேயே காட்டும், அலாரமும் அடிக்கும். ஊசியால் இதெல்லாம் முடியாது. போலரைஸ்ட் கண்ணாடி போட்டால் சில திரைகள் கறுப்பாகத் தெரியும், ஆனால் அது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் உப்பு. படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்.எம்.இ.ஏ 2000 வலையில் எல்லாக் கருவியும் ஒரே முதுகெலும்பு வயரில் தொங்குகின்றன, இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்க வேண்டும், நடுவில் ஒரு இணைப்புப் பச்சை பிடித்தாலும் எல்லாமே சேர்ந்து போகலாம். எனக்கு அதுதான் நடந்தது. திமிங்கிலம் பார்க்கப் போன ஆட்களோடு திரும்பும்போது திரை செத்துவிட்டது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, உள்ளே சூடா குளிரா என்று தெரியாமல் கரை வரைக்கும் மெதுவாக வந்தேன். கரையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு சிக்னல் வயருக்கும் நடுவில் அளந்தால் 60 ஓம் வர வேண்டும், வந்தது 120. ஒரு முனையின் ரெசிஸ்டர் வலையை விட்டுப் போயிருந்தது. கழற்றிப் பார்த்தால் அந்த ரெசிஸ்டர் துண்டின் ஐந்து ஊசிகளில் இரண்டு அரித்தே போயிருந்தன. அந்தச் சின்னத் துண்டு திருகோணமலையில் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து வரும் வரைக்கும் படகு கரையில் கிடந்தது, அதுவும் நல்ல சீசனில்.

ஊசி மீற்றரில் கெடக்கூடியது எஞ்சினிலிருந்து அமுக்கத்தை மீற்றருக்குக் கொண்டுவரும் ஒரு மெல்லிய ரியூப்தான். தண்ணீர் அமுக்க மீற்றரின் ரியூப் உப்பாலோ மணலாலோ அடைபடும், ஊசி அசையாமல் நிற்கும், இரண்டு பக்கமும் கழற்றி ஊதிவிட்டால் சரி. வெடித்தால் அதே அளவு ரியூப் டவுனிலேயே வாங்கலாம். மின்சாரமே வேண்டாம்.

அதிலும் தண்ணீர் அமுக்கம்தான் உயிர். வெப்ப மீற்றர் காட்டும்போது சூடு ஏறி முடிந்திருக்கும், தண்ணீர் முழுதாக வற்றினால் சென்சர் ஆவியில் நின்று பொய்யும் சொல்லும். அமுக்கமோ பொலித்தீன் பை நீர்வாயில் ஒட்டிய உடனேயே விழும். கொட்டியாரக் குடாப் பக்கம் மகாவலி வெள்ளத்துக்குப் பிறகு சல்பீனியா என்ற நீர்க்களை மிதக்கும்போது போனவர்களுக்கு இது புரியும். சுப்பர்சார்ஜர் எஞ்சினில் உள்ளே போகும் காற்றைக் குளிர வைப்பதும் அதே கடல்தண்ணீர்தான், ஆகவே தண்ணீர் குறைந்தால் அடி இரண்டு பக்கமும் விழும். எத்தனை பிஎஸ்ஐ (அமுக்க அளவு) சரி என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், உங்கள் எஞ்சின் நன்றாக இருக்கும் நாளில் ஐடிலிலும் (முறுக்காமல் சும்மா ஓடும்போது) 3000, 5000 ஆர்பிஎம்மிலும் ஊசி எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள்.

பூஸ்ட் மீற்றர் அப்படி அவசரமானது அல்ல. ஐடிலில் பூச்சியத்துக்குக் கீழே வெற்றிடம் காட்டும், முறுக்கினால் மேலே ஏறும். அதே சுமைக்கு, அதே ஆர்பிஎம்முக்கு நாள் போகப்போக பூஸ்ட் குறைந்தால் பெல்ட்டையும் ஹோஸ் இணைப்புகளையும் பாருங்கள். ஆனால் இந்த எஞ்சினில் கணினியே பூஸ்டைக் கூட்டிக் குறைக்கும், ஒரு நாள் ஊசி கொஞ்சம் தாழ்ந்ததற்காகப் பயந்து கழற்ற வேண்டாம். உள்ளே போகும் காற்றின் சூட்டைப் பார்க்கத் திரைதான் வேண்டும், அதனால் திரையை நான் கழற்றவில்லை.

வயரில் ஓடும் ஊசி மீற்றர் மூன்றாவது வழி. வாங்குவதென்றால் எஞ்சினில் அளந்து அனுப்பும் சென்டரும் (sender) மீற்றரும் ஒரே வகையா என்று பாருங்கள், 240–33 ஓம் வகையும் 10–180 ஓம் வகையும் கலந்தால் ஊசி தலைகீழாகப் போகும். நான் சில வாரம்தான் ஒன்றைப் பாவித்தேன், அதற்கு மேல் சொல்ல அனுபவம் போதாது. படகுக்குள்ளே பூட்டும் டீசல் இன்போர்ட் எஞ்சின் வைத்திருப்பவர்களின் கணக்கும் வேறாக இருக்கலாம்.

ஒயில் அமுக்கத்துக்கு மட்டும் ரியூப் மீற்றர் வேண்டாம், ரியூப் வெடித்தால் கொதிக்கிற ஒயில் ஓட்டுபவரின் காலில்தான் விழும். மற்ற இரண்டையும் பூட்டும்போது, வழமையான ஓட்டத்தில் ஊசி நேர் மேலே நிற்கும்படி மீற்றரைத் திருப்பி இறுக்குங்கள், எண்ணை வாசிக்காமலே கண்ணோரத்தில் சாய்வு தெரிந்துவிடும்.